கூட இறங்குவது யார்

முதல் மாடி வரைக்கும் மனசு வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் அதற்குப் பேச்சு வருகிறது. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, இடது பக்கத்து வார் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, அதை இழுத்துவிட நின்றால் மூச்சு கலைந்துவிடும், அதனால் நிற்காமல் போகிறேன். கீழே அவர் வருகிற சத்தம் கேட்கிறது. அவர் என்றால் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். வங்கியில் மேனேஜராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், இப்போது எங்கள் மலைப் பயணத்துக்கு மேனேஜர். புரட்டாசி முடிவதற்குள் உத்தராகண்டில் பனியாறு உருகித் தேங்குகிற ஒரு ஏரிக்குப் போகப்போகிறோம், பதினைந்தாயிரம் அடி உயரத்துக்கு, கூடாரத்தில் படுத்து, கல்லிலும் பனியிலும் நடந்து. நாங்கள் இருப்பதோ பள்ளிக்கரணைப் பக்கம். கடல் மட்டத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மலை எங்கே கிடைக்கும், அடுக்குமாடியின் படிக்கட்டுதான் மலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஃப்ட் சும்மா நிற்க, முதுகில் பாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு ஆணும் பெண்ணும் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்குகிறார்கள் என்றால் முதலில் பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் என்றுதான் தோன்றும். வாட்ச்மேன் கூடக் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எந்தக் கோயில் என்று என்னிடம் கேட்டார். கோயில் இல்லை, ஏரி என்றேன். ஏரிக்கு எதுக்கும்மா இந்தப் பாடு, எதிர்லயே இருக்குதே என்று சதுப்பு நிலத்தைக் காட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை, அங்கேயும் தண்ணீர்தான் இருக்கிறது.

மூன்றாவது மாடியில் யாரோ மீன் வாங்கியிருக்கிறார்கள். சங்கரா மீன், கழுவின தண்ணீரின் வாடை படி வரைக்கும் வந்திருக்கிறது. மூக்கு எனக்குக் கொஞ்சம் அதிகம், அது என் பிழைப்பு. குடிநீர் ஆய்வகத்தில் வேலை. காலையில் போனால் வரிசையாகப் பாட்டில்கள் நிற்கும், மூடியைத் திறந்து முதலில் மோந்துதான் பார்ப்பேன், அப்புறம்தான் கருவியெல்லாம். இரும்பு, உப்பு, சாக்கடை, அழுகின இலை, எல்லாவற்றுக்கும் ஒரு வாடை உண்டு. வாடையே இல்லாத தண்ணீர் என்று ஒன்றை இத்தனை வருஷத்தில் நான் மோந்ததில்லை. ஏரியைப் பற்றி அவர் முதலில் ஒரு படத்தைக் காட்டியபோது நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் இருந்தது, பாலில் மயில்துத்தத்தைக் கரைத்தாற்போல. பனியாறு நகர்கிறபோது அடியில் இருக்கிற பாறையை மாவாக அரைத்துவிடுமாம், அந்த மாவு தண்ணீரில் மிதப்பதால்தான் அந்த நிறம். அப்படியானால் கலங்கல் அளவு எக்கச்சக்கமாக இருக்கும், எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினால் குடிக்க லாயக்கில்லை என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். இதை அவரிடம் சொன்னேன், ஒனக்கு எதைக் காட்டினாலும் ஆபீஸ் ஞாபகம்தான் என்று சிரித்தார். எனக்கு அன்றைக்குத்தான் ஆசை வந்தது. தேறாத தண்ணீர், ஆனால் மனிதர் யாரும் கை வைக்காத தண்ணீர். அதன் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு கை அள்ளி மோந்து பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். படம் எடுக்க வேண்டாம், சாமி கும்பிட வேண்டாம். ஒரு பொம்பளைக்கு ஐம்பது வயசுக்கு மேல் இப்படி ஒரு ஆசை வந்தால் அதை யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள், அதனால் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் படி ஏறுகிறேன்.

மூச்சு இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டு படிக்கு உள்ளே, இரண்டு படிக்கு வெளியே. சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அதே தாளத்தில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு முடியலைன்னா, நான் போயிட்டு வந்துடறேன். கேட்க ஏதோ முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போவது மாதிரி இருக்கிறது. உங்களுக்கு முடியலைன்னா நான் மட்டும் போறேன். இது சரியில்லை, போறேன் என்று சொல்லிக் கிளம்புவது வழக்கமில்லை, அம்மா அடித்தே பழக்கியிருக்கிறாள், போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். கதிரவேல் நேற்றுச் சாயங்காலம் போன் பண்ணினதிலிருந்து இந்த ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டின கீரை மாதிரி இருக்கிறது. கதிரவேல்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர், பொள்ளாச்சிக்காரர், வருஷத்தில் பாதி நாள் இமயமலையில் இருப்பார். உடம்பெல்லாம் எப்படி இருக்குங்க என்று ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். உயரத்தில் யாருக்கு எப்போது தலை வலிக்கும், யாருக்கு வாந்தி வரும், யாருக்குக் கால் பின்னும் என்று சொல்ல முடியாது, நன்றாக ஓடுகிறவனே விழுவான், வந்துவிட்டால் ஒரே மருந்துதான், கீழே இறங்குவது. தம்பதியாக வருகிறவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்பாராம். ஒருத்தருக்கு முடியாமல் போனால் இன்னொருத்தர் கூட இறங்குவீர்களா, ஏரிக்குப் போவீர்களா. இதை வீட்டிலேயே முடிவு பண்ணிவிட வேண்டும். முன்னே ஒரு தடவை முகாமில் வைத்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இதற்காகச் சண்டை போட்டு, கடைசியில் ரெண்டு பேருமே நடக்காமல் உட்கார்ந்துவிட்டார்களாம். "மேல போயி யோசிச்சா மண்டை ஓடாதுங்க மேடம். இங்கயே தீத்துட்டு எங்கிட்ட சொல்லீருங்க. தொணைக்கு எத்தன உள்ளூர் ஆள் கூட்டிட்டுப் போறதுன்னு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் அந்த ஊருக்குச் சொல்லணும்." அவர் சாரிடம் ஏற்கெனவே கேட்டாயிற்றாம், சாரும் சொல்லிவிட்டாராம். சார் என்ன சொன்னார் என்றேன். ஒருத்தர் பதிலை இன்னொருத்தரிடம் சொல்வதில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருக்கிறார் மனுஷன். சார்கிட்டயே கேட்டுக்கோங்க என்றார்.

கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. சேர்ந்தே இறங்கிடுவோம் என்று சொல்லியிருப்பார், அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்க முடியும். இருபத்தேழு வருஷமாகச் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கல்யாணமே பெயரைப் பார்த்து முடிவானதுதான். இரண்டு குடும்பமும் சங்கரன்கோவில் பக்கம், பையன் சங்கரலிங்கம், பெண் கோமதி, அங்கே சாமிக்கும் அம்மனுக்கும் இதே பெயர்கள்தான், கோயிலிலேயே எழுதி வைத்த மாதிரி இருக்கிறதே என்று இரண்டு வீட்டிலும் ஒரே சந்தோஷம். ஜாதகத்தில் ஏதோ ஒன்று இடித்ததாம், பெயர் இத்தனை பொருத்தமாக இருக்கும்போது அதையெல்லாம் பார்ப்பானேன் என்று விட்டுவிட்டார்கள். ஆடித்தபசு அன்றைக்குக் காலையிலேயே கோமதியம்மன் தபசு மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவாள், ஊசிமுனையில் நின்று தவம் செய்தவள் என்று சொல்வார்கள், சாயங்காலம் சாமி சாவகாசமாக வந்து காட்சி கொடுப்பார். சின்ன வயசில் கூட்டத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு அம்மன் மேல்தான் கண் இருக்கும், பாவம் கால் வலிக்காதா என்று. இப்போது நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. அவள் அங்கே தனியாக நின்ற நேரம் அவளுக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, யார் கேட்டார்கள். இதையெல்லாம் யோசிக்கக் கூடாது, ஐந்தாவது மாடி வந்துவிட்டது, தொடை கனக்கத் தொடங்கியிருக்கிறது. கீழே அவருடைய காலடி நின்றிருக்கிறது. மூன்றாவது மாடியில் நிற்கிறார் என்று நினைக்கிறேன், அங்கே ஒரு ஜன்னல் உண்டு, காற்று வரும். அவர் பையில் அரிசி. இட்லி அரிசிப் பொட்டலங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஏறுகிறார், இறங்கும்போதும் அதே பாரம். தண்ணீர் எடுத்தால் மேலே கொட்டிவிட்டு வெறுங்கையாக இறங்கலாம், முழங்காலுக்கு நல்லது என்று கதிரவேல் சொல்லித்தான் நான் பாட்டில் எடுக்கிறேன், அவருக்கு மனசு வரவில்லை, பாரம் என்றால் பாரமாகவே இருக்கணும் என்கிறார். அந்த அரிசியைத்தான் வாரக்கடைசியில் ஊறப்போடுகிறேன். இமயமலைக்குப் பழகின இட்லி.

நிற்கலாமா. அவர் நின்றால் நானும் நிற்பேன், அதுதான் பழக்கம். கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது, நான் சொல்லாமலே. இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேடிக்கையாக இருக்கிறது. யாரோ என் முழங்காலுக்குள் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை அவர் கையில் கொடுத்துவிட்டது மாதிரி. அவர் இழுப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளும் இழுத்ததில்லை. சதுரகிரிக்குப் போனபோது பாதி வழியில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நீ போயிட்டு வா என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தேய்த்தார், நான் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டேன், இறங்கலாமா என்றேன். கேட்டது நான்தான். எனக்குக் கால் நன்றாக இருந்தது, மேலே மணிச்சத்தம் வேறு கேட்டது. வீட்டுக்கு வந்தபின் சொந்தக்காரர்கள் கேட்டபோது, எங்களால முடியல, பாதியிலேயே திரும்பிட்டோம் என்றார். பக்கத்தில் நின்ற நானும் தலையை ஆட்டினேன். சினிமாவுக்குப் போனால் அவருக்குத் தலைவலி வரும், இடைவேளையில் எழுந்து வருவோம், அப்படி முடிவு தெரியாத படங்கள் எனக்கு நிறைய உண்டு, அவற்றுக்கு நானே முடிவு யோசித்து வைத்திருக்கிறேன், சில உண்மையான முடிவைவிட நன்றாகவே இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. காலையில் காபி அவர்தான் போடுவார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் அண்ணன்மார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டார். அந்த மனுஷனை ஒரு மலையில், வாந்தி எடுத்துக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில், பாஷை தெரியாத ஒரு ஆளோடு கீழே அனுப்பிவிட்டு, நான் தண்ணீரை மோந்து பார்க்கப் போவேனா.

போவேன். இதுதான் நேற்றிலிருந்து பயமாக இருக்கிறது. கதிரவேல் கேட்ட அந்த நொடியே உள்ளே பதில் வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை. போவேன் என்று அது பாட்டுக்குச் சொன்னது, ஆய்வகத்தில் ஒரு சொட்டு விட்டதும் நிறம் மாறுமே அந்த மாதிரி. அப்புறம்தான் நியாய அநியாயமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. போனில் வாய் மட்டும், யோசிச்சுச் சொல்றேன் சார் என்றது. என்ன மாதிரிப் பெண் நான். வழியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஆகிவிட்டால் என்றால், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன், ஆனால் நினைப்பு சொல்லிவிடுகிறது, நான் ஏரிக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது கீழே கூடாரத்தில் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், ஊரில் எப்படிப் போய் நிற்பேன், எப்படிம்மா விட்டுட்டுப் போனே என்று மகள் பெங்களூரிலிருந்து வந்து கேட்டால் என்ன சொல்வேன். தண்ணீருக்கு வாடை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன் என்றா. ஏழாவது மாடி. இந்த மாடியில் எப்போதும் ஒரு குக்கர் விசில் அடிக்கும், இன்றைக்கும் அடிக்கிறது, கறிமசாலா மணம், வயிறு புரட்டுகிற மாதிரி இருக்கிறது, உயரத்தில் இப்படித்தான் புரட்டுமாம். ஒருவேளை எனக்கே முடியாமல் போகலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான், நன்றாக ஓடுகிறவனே விழுவான். அப்படி ஆனால் எவ்வளவு நிம்மதி. நான் விழுந்தால் அவர் கூட இறங்குவார், கேள்வியே எழாது, யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாருங்கள், ஏரிக்குப் போக இத்தனை ஆசைப்படுகிறவள், சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்துக்குப் பயந்து, வியாதியே வரட்டும் என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் அது ஒரு வாக்கியம்தான்.

எட்டாவது மாடியில் பிரமீளா கதவைத் திறந்து கோலப்பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு மாடி கீழ் வீடு, ஒரு நாள் தவறாமல் விசாரிப்பார். ஸார் வரலையா என்றார். கீழே வந்துட்டிருக்கார் என்றேன். "விட்டுட்டு வந்துட்டீங்களா" என்று சிரித்தார். ஒன்றுமில்லை, எல்லாரும் கேட்கிறதுதான், மாடிப்படியில் பின்தங்கிய புருஷனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற சாதாரணக் கிண்டல். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மூச்சு வாங்குகிறது என்று கையால் காட்டிவிட்டு ஏறினேன். விட்டுட்டு வந்துட்டீங்களா. விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அவர் நின்றபோது நான் நிற்கவில்லை, கால் மெதுவானதே தவிர நிற்கவில்லை, அதை நானே இப்போதுதான் கவனிக்கிறேன். பின்னால் காது வைத்தேன். சத்தம் இல்லை. வழக்கமாக இந்நேரம், கோமதி என்று ஒரு குரல் வரும், அதுவும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ. இறங்கிப் போய்ப் பார்க்கலாம், நாலைந்து மாடி, ஒன்றும் பெரிய விஷயமில்லை. அப்புறம் இருமல் சத்தம் வந்தது, செருமல், பையை முதுகில் குலுக்கிச் சரிசெய்கிற அரிசியின் சலசலப்பு. நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை, நன்றாக இருக்கிறார் என்பதற்கு யாராவது கோபப்படுவார்களா. வந்தது, போயிற்று, நான் அதைத் தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

மேலே போகப்போகப் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. இங்கே யாரும் படியில் வருவதில்லை, கைப்பிடியில் தூசு, மூலையில் யாரோ வேண்டாமென்று வைத்த குழந்தை சைக்கிள், ட்யூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி நாள் நடை இப்படித்தான் இருக்கும் என்று கதிரவேல் சொன்னார், புல் முடிந்துவிடும், அப்புறம் பறவைகூட இருக்காது, பனியாறு தள்ளிக்கொண்டு வந்து கொட்டின கல்மேடு, அதன் விளிம்பில் ஒற்றை வரிசையாக நடக்க வேண்டும், பேச மூச்சு இருக்காது, ஒவ்வொருத்தரும் அவரவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டு போவோம். அவர் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு விருந்துக்கு அழைத்த மாதிரி இருந்தது. யாரும் யாரோடும் பேச முடியாத ஒரு பாதை. தலைக்குள் நாடி அடிக்கிற சத்தம் மட்டும். இப்போதும் அடிக்கிறது, காதுக்குப் பின்னால், கழுத்தில், பல்லில்கூட. இன்னும் ஒரே ஒரு திருப்பம். நான் சொல்லப்போவது இதுதான், முடிவாக, வேறு மாதிரி மாற்ற மாட்டேன். என்னங்க, நீங்க சேர்ந்து இறங்கலாம்னு சொல்லியிருப்பீங்க, ஆனா எனக்கு ஏரியைப் பாக்கணும். வேண்டாம், ஆனா என்ற வார்த்தை வேண்டாம். அழுகிற மாதிரி வரக்கூடாது. அவர் முகம் சுண்டிப்போகும், ஒரு வாரம் காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவருக்கு வருத்தம் என்றால் கை தாராளமாகிவிடும். அந்த ஒரு வாரத்துக்கு நான் தயாராக இருக்க வேண்டும். நான் கெட்டவள் என்று ஒரு வாரம் இனிப்பாகக் குடிக்க வேண்டும்.

மொட்டைமாடியில் வெயில் ஏறியிருந்தது. பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து யாரோ வைத்திருந்த கற்றாழைத் தொட்டிகளில் ஊற்றினேன். தூரத்தில் சதுப்பு நிலம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அவர் வெகு நேரம் கழித்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்து பையை இறக்கினார், அரிசி பொத்தென்று உட்கார்ந்தது. துண்டை நீட்டினேன், முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன தடவையைவிட பரவாயில்ல என்றார். பரவாயில்லைதான். தண்ணீர் குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன். தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் வாய்க்கு வந்தபோது வேறொன்றாக மாறி வெளியே வந்தது.

"கதிரவேல்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எதுக்கு?"

"யாருக்காவது மேல முடியாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டாராமே."

"அதுவா. எனக்கு முடியலைன்னா நீ எங்கூட இறங்கிருவேன்னு சொன்னேன். அதுல யோசிக்க என்ன இருக்கு."

தெரிந்ததுதான். வார்த்தை வேறு, அர்த்தம் அதேதான். அடுத்ததை நான் எதற்குக் கேட்டேன் என்று தெரியாது, ஒரு வாக்கியத்தை எதிரில் இருந்து படித்துப் பார்க்கிற மாதிரி, சும்மாதான் கேட்டேன். எனக்கு முடியலைன்னா என்றேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாது என்றார். ஆச்சுன்னா என்றேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்.

"ஆச்சுன்னா ஒரு ஆளோட ஒன்னக் கீழ அனுப்பி வச்சிட்டு நான் போயிட்டு வந்துருவேன்னு சொல்லிட்டேன். அந்த ஊர்க்காரங்க பழகுன ஆளுங்கதான், பத்திரமா கொண்டு வந்து சேத்துருவாங்க. இவ்வளவு பாடுபட்டுட்டு ரெண்டு பேரும் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்கு என்னென்னவோ வந்திருக்க வேண்டும், கண்ணீராவது, கோபமாவது. படியில் காரணமில்லாமல் வந்த கோபம்கூட இப்போது வரவில்லை. முதலில் வந்தது ஒரு அசட்டுச் சிரிப்பு, அதை அடக்கிக்கொண்டேன். நேற்றிலிருந்து நான் எந்த மனுஷனுக்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அந்த மனுஷன் இவர் இல்லை. நான் விழுந்தால் கூட இறங்குவார் என்று, அதில் நிம்மதி வேறு பட்டேனே, அவரை நானே செய்து, நானே அவருக்குத் துரோகம் பண்ணி, நானே உள்ளுக்குள் அழுதுகொண்டு ஏறியிருக்கிறேன். இவருக்குள்ளும் அதே பதில்தான் இருந்திருக்கிறது, போவேன் என்று, அதே வேகத்தில். என்னைப் போலத்தான். ஒரே வித்தியாசம், இவருக்கு அது பாரமாக இருக்கவில்லை, கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்கும் அதே பதில் உள்ளே இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அது கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே வலித்தது. வலித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு லேசாகிவிட்டதையும் கவனித்தேன், பாட்டில் காலியானதால் மட்டும் அல்ல.

போனை எடுத்து அங்கேயே, அவர் எதிரிலேயே, கதிரவேலுக்கு அடித்தேன். சொல்லுங்க மேடம், பேசிட்டீங்களா என்றார். பேசிட்டோம் என்றேன். குரல் ஆய்வகத்தில் பாட்டில் எண்ணைப் படித்துச் சொல்கிற குரலாக இருந்தது, எனக்கே பிடித்திருந்தது.

"எனக்கு முடியலைன்னா ஒரு ஆளோட என்னக் கீழ அனுப்பிடுங்க, சார் போகட்டும். சாருக்கு முடியலைன்னாலும் அப்படித்தான். ஒரு ஆளோட அவர அனுப்பிடுங்க. நான் ஏரிக்குப் போவேன்."

சரிங்க மேடம், அப்ப ஒரு ஆள் சேத்துச் சொல்லீர்றேன் என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், இத்தனை மாடி ஏறியதற்கு அது அத்தனை சின்னதாக இருந்தது. அவர் நாடாவைப் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்ததா என்றால், அதைவிட ஆச்சரியம்தான் அதிகம், தெரிந்த வீட்டில் தெரியாத ஒரு கதவைப் பார்த்துவிட்டவர் மாதிரி. கடைசியில் சொன்னார்.

"அப்ப நான் தனியாவா இறங்கணும்?"

"ஒரு ஆள் வருவாங்க. பழகுன ஆளுங்கதானே."

அது அவர் சொன்ன சொல்தான், நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். நாடாவை மெதுவாகக் கட்டினார், ஒரு முடிச்சு போட்டார், அதன் மேல் இன்னொன்று. எனக்குப் பாவமாக இருந்தது, அது நிஜம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா சொன்னேங்க, உங்களை விட்டுட்டுப் போவேனா என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, இருபத்தேழு வருஷத்துப் பழக்கம் சும்மா விடுமா. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டெல்லாம் அடக்கவில்லை, அது வந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், போய்விட்டது. அவர் எழுந்தார். அரிசிப் பையைத் தூக்கி ஒரு தோளில் மாட்டி, இன்னொரு கையை வாருக்குள் நுழைக்கத் தடுமாறினார், வழக்கமாக நான்தான் பின்னாலிருந்து பிடித்துக் கொடுப்பேன். தானே மாட்டிக்கொண்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, எப்போதும் சொல்கிற மாதிரியே, வா இறங்கலாம் என்றார்.

"நீங்க இறங்குங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

அவர் நின்றார். பிறகு படியில் அவர் காலடி இறங்கத் தொடங்கியது, முதலில் மெதுவாக, அப்புறம் ஒரே சீராக. ஒவ்வொரு திருப்பத்திலும் அது கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே போனது. நான் தொட்டித் திண்டில், அவர் உட்கார்ந்து விட்டுப்போன வியர்வை ஈரத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டேன்.